வலது ஓரத்தில் கொஞ்சம் சந்தேகம்

மார்ச் 4

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே நானும் உன் அத்தானும் நலம். அவருக்கு முதுகுவலி, எனக்கு அவர் முனகுவதைக் கேட்டுக் காதுவலி. நீ எப்படி இருக்கிறாய்? கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து ஊரார் கண்ணையெல்லாம் சோதிக்கிறாயே, உன் கண்ணை ஒரு தடவையாவது பார்த்துக்கொண்டாயா?

போன் இருக்கும்போது எதற்குக் கடிதம் என்று யோசிப்பாய். போனில் நீ வழுக்கிவிடுவாய். "ஆமாக்கா, சரிக்கா, கடைல ஆள் வந்துட்டாங்கக்கா" என்று மூன்று வார்த்தையில் முடித்துவிடுவாய். எழுத்தில் கொடுத்தால் பின்னால் மாற்றிப் பேச முடியாது. ஆகவே இனி லென்ஸ் விஷயம் முழுக்கக் கடிதத்தில்தான்.

உங்கள் தெருமுனை போட்டோகிராபர் முழங்கால் தேய்ந்து தொழிலை விடுகிறார், வைடு லென்ஸை விற்கிறார் என்று சொன்னாய் அல்லவா? எனக்கு அது வேண்டும். விற்பனைக்கு வரும் வீடுகளைப் படம் எடுத்துப் பிழைக்கிறவள் நான். என் பழைய லென்ஸ் குளியலறைக்குள் நுழைந்தால் ஒரு குழாயையும் அரைச் சுவரையும்தான் பார்க்கிறது. வீட்டுத் தரகர் போன வாரம், "ஏம்மா, ரூமெல்லாம் தீப்பெட்டி மாதிரி இருக்கே, இதப் பாத்து யார் வாங்குவா?" என்று முகத்துக்கு நேராகவே கேட்டுவிட்டார்.

ஆனால் பழைய லென்ஸ் விற்கிறவரை நம்பக்கூடாது. நல்ல லென்ஸாக இருந்தால் அவர் ஏன் விற்க வேண்டும்? முழங்காலுக்கும் லென்ஸுக்கும் என்ன சம்பந்தம்? கீழே போட்டிருப்பார், சொல்லமாட்டார். அதனால் கேமராவோடு சேர்த்து அவரிடம் வாங்கி நீ சோதித்துப் பார். ட்ரைபாடில் மாட்டு. கை நடுக்கத்தைச் சரிசெய்யும் பொத்தானை அணைத்துவிடு. டைமர் வைத்து எடு, பொத்தானை அமுக்கிய கையோடு எடுக்காதே. சுவரில் நடுவில் ஒன்று, நாலு மூலைக்கும் ஒவ்வொன்று என்று அச்சடித்த காகிதம் ஒட்டு. கேமரா சுவருக்கு நேராக இருக்கிறதா என்று தெரிய, சுவரில் ஒரு முகம் பார்க்கும் கண்ணாடியை வைத்து, லென்ஸின் பிம்பம் சரியாக நடுவில் விழுகிறதா என்று பார். காகிதத்தை யாரும் கையால் பிடிக்கக் கூடாது. கை பட்டால் அசையும், அசைந்தால் டெஸ்ட் கெட்டது. எல்லாவற்றுக்கும் மேலே, கேமரா கண்டதை அப்படியே வைத்திருக்கும் ரா ஃபைல் அனுப்பு. ஜேபெக் எனக்கு வேண்டாம். ஜேபெக் என்பது மேக்கப் போட்டுக்கொண்டு பெண் பார்க்க வந்து உட்காருவது போல.

உன் மருமகள், என் பெண் பாப்பாவைப் பற்றி நீ கேட்கமாட்டாய், நானே சொல்கிறேன். வீட்டை விட்டுப் போய் வருஷம் ஆகப்போகிறது. எங்கே இருக்கிறாள் என்று இன்றைக்கும் தெரியாது. ஞாயிற்றுக்கிழமை அப்பாவுக்கு மட்டும் போன் செய்கிறாள். அவர் போனை எடுத்துக்கொண்டு வாசலுக்குப் போய்விடுகிறார். என்ன பேசினாள் என்றால், "நல்லா இருக்காளாம்" என்பார். அதற்கு மேல் வாயைத் திறக்கமாட்டார். பெற்றவளுக்கு மகள் முகத்தைப் பார்க்கக் கொடுத்து வைக்கவில்லை. அப்படி நான் என்ன செய்துவிட்டேன்? வேலை செய்யும் இடத்துக்குப் போய் ஒரு கேள்வி கேட்டேன்.

பதில் போடு.

உன் அக்கா

*

மார்ச் 15

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பியின் வணக்கம். நான் நலம். கண் பார்த்துக்கொண்டேன், பழுதில்லை. அத்தானைத் தலையணையை மாற்றிப் பார்க்கச் சொல்.

நீ சொன்னபடியே எல்லாம் செய்தாயிற்று. நடுவில் எங்கள் கடையிலிருந்து கண் பார்க்கும் எழுத்துப் பலகையையே கொண்டுவந்து மாட்டிவிட்டேன். கடைசி வரி வரைக்கும் தெளிவாகப் படிக்க முடிகிறது. மூலைகளில் செய்தித்தாள். முகம் பார்க்கும் கண்ணாடியும் வைத்துப் பார்த்தேன். லென்ஸின் துவாரத்தைப் பெரிதாகத் திறந்து ஒன்று, பாதி மூடி ஒன்று, இன்னும் மூடி ஒன்று என்று வரிசையாகப் படங்கள் இதோடு அனுப்பும் பென் டிரைவில் இருக்கின்றன. ரா ஃபைல் எங்கே இருக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. அதனால் இப்போதைக்கு ஜேபெக். கோபித்துக்கொள்ளாதே.

போட்டோகிராபர் நல்ல மனிதர் அக்கா. "உங்க அக்கா எவ்வளவு வேணா டெஸ்ட் பண்ணட்டும், எனக்கென்ன, வீட்லதான சும்மா உக்காந்திருக்கேன்" என்றார். கீழே விழுந்ததா என்று கேட்டேன். "லென்ஸா, நானா?" என்று கேட்டுச் சிரித்தார்.

பாப்பாவைப் பற்றிக் கவலைப்படாதே. எங்கே இருந்தாலும் நன்றாகத்தான் இருப்பாள். அத்தானிடம் வேறு ஏதாவது சொன்னாளா? உன்னைப் பற்றிக் கேட்டாளா? சும்மாதான் கேட்கிறேன்.

இப்படிக்கு,
தம்பி

*

மார்ச் 23

தம்பிக்கு அக்கா எழுதுவது. நலம். உன் அத்தான் தலையணையை மாற்றினார், இப்போது கழுத்தும் வலிக்கிறதாம்.

படங்களைப் பார்த்தேன். லென்ஸ் மேல் இருந்த சந்தேகம் இப்போது உன் மேல் திரும்பிவிட்டது. ஒரு ஆணியை நேராக அடிக்கத் தெரியாதவன் நீ. உன் வீட்டுக் காலண்டர் பத்து வருஷமாகச் சாய்ந்துதான் தொங்குகிறது. அப்படிப்பட்டவன் நாலு காகிதத்தை ஸ்கேல் வைத்தது போல ஒட்டியிருக்கிறாய். மேலே இடது மூலைக் காகிதத்தில் டேப் போதாமல் ஒரு முடி க்ளிப் மாட்டியிருக்கிறதே, அது யாருடையது? ஜன்னலில் திரைச்சீலை. போன தடவை நான் வந்தபோது அந்த ஜன்னலில் உன் துண்டு காய்ந்துகொண்டிருந்தது.

நாற்பது வயது பிரம்மச்சாரி வீட்டில் திரைச்சீலை தானாக முளைக்குமா? யாரடா அவள்? எத்தனை நாளாக நடக்கிறது? நல்ல இடமா? வேலைக்குப் போகிறாளா? நான் ஒன்றும் சொல்லமாட்டேன். ஆனால் என்னிடம் மறைத்தாய் என்று பின்னால் தெரிந்தால் உனக்கும் எனக்கும் ஒட்டும் இல்லை உறவும் இல்லை.

இன்னொன்று. பாப்பா என்னைப் பற்றிக் கேட்டாளா என்று ஏன் அக்கறையாக விசாரித்திருக்கிறாய்? ஒரு வருஷமாக அவள் பேச்சை எடுத்தாலே, "கடைல ஆள் வந்துட்டாங்க" என்று நழுவுகிறவன் ஆயிற்றே நீ.

ஜேபெக்கை வைத்து நான் எதையும் முடிவு செய்யமாட்டேன். ரா ஃபைல். கேமரா மெனுவில் படத் தரம் என்று இருக்கும், அதில் மாற்று. தெரியாவிட்டால் அந்தத் திரைச்சீலை அம்மாளைக் கேள்.

உன் அக்கா

*

ஏப்ரல் 7

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம்.

நலம். நீயும் அத்தானும் நலம்தானே? தாமதத்துக்கு மன்னித்துக்கொள். கடையில் கூட்டம், பரீட்சை முடிந்து பிள்ளைகள் எல்லாரும் கண்ணாடி போட வருகிறார்கள்.

நீ நினைப்பது போல ஒன்றும் இல்லை. சத்தியமாக எனக்கு யாரும் இல்லை. முடி க்ளிப் கடைக்கு வந்த வாடிக்கையாளர் விட்டுப் போனது. திரைச்சீலை தள்ளுபடியில் கிடைத்தது. வெயில் அடிக்கிறது, வாங்கினேன். இதற்குப் போய்க் கல்யாணமே செய்துவைத்துவிட்டாயே.

ரா ஃபைல் இந்தப் பென் டிரைவில் இருக்கிறது. மெனுவில் கண்டுபிடித்துவிட்டேன். இந்த முறை ஒட்டும்போது ஒரு சின்னத் தொல்லை. சுவரில் ஈரம், வலது கீழ் மூலைக் காகிதம் நிற்கவே இல்லை. பக்கத்து வீட்டில் ஒருவர் வந்து படத்துக்கு வெளியே ஒதுங்கி நின்று அதை மட்டும் பிடித்துக்கொண்டார். கேமராத் திரையில் பார்த்துத்தான் எடுத்தேன், யாரும் தெரியவில்லை. கை படக் கூடாது என்றாய், இந்த ஒரு மூலைக்கு மட்டும் விட்டுக்கொடு.

லென்ஸ் நல்ல லென்ஸ் அக்கா. வாங்கிவிடு.

தம்பி

*

ஏப்ரல் 19

(எழுதி, தபாலில் சேர்க்காதது)

மகளுக்கு அம்மா எழுதுவது. நலமா என்று கேட்க வேண்டிய இடம் இது. கேட்க வரவில்லை, கோபம்தான் வருகிறது.

மாமா அனுப்பிய ரா ஃபைலைத் திறக்க எந்த சாஃப்ட்வேர் என்று ஒரு வாரமாக அல்லாடினேன். நீ இருந்தவரை அந்த மாத வாடகை சாஃப்ட்வேர் உன் கணக்கில் ஓடியது. நீ போனாய், அதுவும் போயிற்று. மாதா மாதம் வாடகை கொடுத்துப் படம் பார்க்க நான் என்ன குடித்தனமா இருக்கிறேன்? சில நாள் இலவசமாகப் பார்த்துக்கொள் என்றார்கள், பார்த்தேன். கேமரா கம்பெனி சும்மா கொடுக்கும் சாஃப்ட்வேரிலும் பார்த்தேன். ஒரு படம் திறப்பதற்குள் ஒரு தூக்கம் போட்டுவிடலாம். இரண்டிலும் படம் பளிச்சென்றுதான் இருந்தது. கேட்காமலே ஷார்ப்னெஸ் ஏற்றி, கேட்காமலே நிறம் ஏற்றி, எனக்கென்னவோ வியாபாரி தக்காளியில் தண்ணீர் தெளித்த மாதிரி இருந்தது. நம்பவில்லை.

கடைசியில் யார் யாரோ சேர்ந்து இலவசமாகச் செய்திருக்கிற ஒன்றை ஏற்றினேன். பார்க்க அழகில்லை. ஆனால் நாம் சொல்லாமல் அது எதையும் தொடாது. வைடு லென்ஸில் சுவர் பீப்பாய் போலப் புடைத்து விழும் என்று உனக்குத் தெரியும். மற்ற இரண்டும் அதை நிமிர்த்தி, நிமிர்த்துகிற சாக்கில் ஓரத்தைக் கத்தரித்துவிடுகின்றன. கேமராவின் திரையும் கத்தரித்ததைத்தான் காட்டுகிறது. இது மட்டும் புடைத்த சுவரைப் புடைத்தபடியே காட்டியது. இரண்டு பக்கமும் இரண்டு விரல் அகலம் கூடுதலாக இருந்தது.

வலது ஓரத்தில் கீழ்க் காகிதத்தை அழுத்திக்கொண்டு ஒரு கை. கடிகாரம் மணிக்கட்டின் உள்பக்கம் திருப்பிக் கட்டியிருக்கிறது. கேமராவில் உரசும் என்று அப்படிக் கட்டுகிற ஆள் எனக்குத் தெரிந்து ஒரே ஒருத்திதான். மேலே அரைத் தோள். ஒரு காது.

பெரிதாக்கிப் பார்த்தேன். லென்ஸ் ஷார்ப்பாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் பெரிதாக்குகிறேன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். காதில் தோடு இல்லை. தோள் எலும்பு துருத்திக்கொண்டிருக்கிறது.

அடிப்பாவி. ஊரெல்லாம் தேடி, உன் சிநேகிதிகள் வீட்டு வாசலில் எல்லாம் நின்று அவமானப்பட்டேன். நீ என் கூடப்பிறந்தவன் வீட்டில் திரைச்சீலை தைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறாய். அவன் ஒன்றும் தெரியாதவன் போல, "உன்னைப் பற்றிக் கேட்டாளா" என்று எழுதுகிறான். உன் அப்பாவுக்கும் தெரியும். தெரியாமல் வாசலுக்குப் போய்ப் பேசுவாரா? எல்லாரும் சேர்ந்து என் தலையில் மிளகாய் அரைத்திருக்கிறீர்கள்.

பையில் இரண்டு புடவை எடுத்து வைத்தேன். அடுத்த வண்டிக்குக் கிளம்பி உன் முன்னால் வந்து நிற்க வேண்டும் என்று. பிறகு பையைக் காலி செய்துவிட்டேன். வந்து நின்றால் என்ன ஆகும்? நீ உன் பையைத் தூக்குவாய். அதற்கு அப்புறம் எந்த லென்ஸில் உன்னைத் தேடுவேன்?

*

ஏப்ரல் 21

தம்பிக்கு அக்கா எழுதுவது. இங்கே எல்லாரும் நலம். நீ நலமா? வீட்டில் நலமா? பக்கத்து வீட்டில் நலமா?

ரா ஃபைல் கிடைத்தது. நடுப்பகுதி பரவாயில்லை. இடது ஓரமும் சரி. வலது ஓரத்தில்தான் கொஞ்சம் சந்தேகமாக இருக்கிறது. எனக்குத் திருப்தி இல்லை. இன்னொரு தடவை எடுத்து அனுப்பு.

இந்த முறை வலது கீழ்க் காகிதத்தை ஒட்டவே வேண்டாம். டேப் ஒட்டினால் காகிதம் சுருங்குகிறது. கையால் பிடித்தால்தான் சரியாக இருக்கிறது. போன முறை பிடித்தவரே பிடிக்கட்டும், நன்றாகப் பிடித்திருக்கிறார். அவருடைய உதவிக்கு நன்றி சொன்னேன் என்று சொல். வெயில் காலம், மோராவது ஏதாவது கொடு. உன் வீட்டில் நேரத்துக்குச் சமைக்கிறாயா, இல்லை கடைச் சாப்பாடுதானா?

உன் அக்கா

*

மே 4

அன்புள்ள அக்காவுக்கு வணக்கம். நலம்.

நீ கேட்டபடி மறுபடி எடுத்து அனுப்பியிருக்கிறேன். போட்டோகிராபர், "வலது ஓரத்துல என்ன சந்தேகம்னு எழுதச் சொல்லுங்க, நான் இந்த லென்ஸ்ல ஆயிரம் கல்யாணம் எடுத்திருக்கேன், வலது பக்கம் நின்ன ஒரு சொந்தக்காரன்கூடக் கம்ப்ளெயின்ட் பண்ணல" என்று சொல்லிவிட்டார். கொஞ்சம் முகம் சிறுத்துவிட்டது அவருக்கு.

பக்கத்து வீட்டுக்காரரிடம் உன் நன்றியைச் சொன்னேன். உன் கடிதத்தை வாங்கிப் படித்தார். இரண்டு தடவை படித்தார். பிடிக்கிறேன் என்று மட்டும் சொன்னார்.

நான் வேளைக்குச் சாப்பிடுகிறேன் அக்கா. என்றைக்கும் இல்லாமல் ஏன் இந்த விசாரிப்பு? உனக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா? உண்மையைச் சொல்.

தம்பி

*

மே 13

தம்பிக்கு அக்கா எழுதுவது. என் உடம்புக்கு ஒரு கேடும் இல்லை. உன் அத்தானுக்கு முதுகு தேவலை, இப்போது முழங்கால். அந்த போட்டோகிராபரிடம் சொல், துணைக்கு ஆள் இருக்கிறார் என்று.

படங்களைப் பார்த்தேன். மறுபடி மறுபடி பார்த்தேன். முன்னைக்கு இப்போது தேவலை. முன்னே பாதிதான் தெரிந்தது, இப்போது முக்கால்வாசி தெளிவாக இருக்கிறது. காகிதத்தைச் சொல்கிறேன்.

ஆனால் கடைசியாக ஒரு டெஸ்ட் இல்லாமல் முடிக்க முடியாது. கேமராவைத் தலைகீழாகத் திருப்பி மாட்டி எடு. மங்கல் சுவரில் அதே இடத்தில் நின்றால் சுவரின் குற்றம். கேமராவோடு சேர்ந்து இடம் மாறினால் லென்ஸின் குற்றம். எப்படித் திருப்பினாலும் காகிதம் பிடிக்கிறவர் வலது ஓரத்திலேயே நிற்கட்டும். இன்னும் ஒரு அடி உள்ளே தள்ளி நின்றாலும் எனக்கு ஆட்சேபணை இல்லை. காகிதம் லேசாக நடுங்குகிறது. அவரை நேரத்துக்குச் சாப்பிடச் சொல். தூங்கவும் சொல்.

உன் அக்கா

*

ஜூன் 2

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நலமறிய ஆவல். பென் டிரைவ் இதோடு இருக்கிறது. இதுதான் கடைசி.

போட்டோகிராபர் பொறுமை இழந்துவிட்டார். வேறு ஒருவர் லென்ஸ் கேட்டு வீட்டுக்கே வந்துவிட்டாராம். "உங்க அக்கா லென்ஸ் வாங்கறாங்களா, இல்ல லென்ஸுக்கு மாப்பிள்ள பாக்கறாங்களா?" என்று கேட்கிறார். இந்த மாதக் கடைசிக்குள் வேண்டும், வேண்டாம் என்று சொல்லிவிடு.

எனக்கும் கேட்க வேண்டும் போல இருக்கிறது. நீ சந்தேகப்படுவது புதிதில்லை. உன் கல்யாணத்தன்று மாலையில் பூ வாடியிருக்கிறது என்று பூக்காரரை நிறுத்திவைத்து விசாரித்தவள் நீ. ஆனால் இந்த இரண்டு கடிதமாக நீ சந்தேகப்படுகிற மாதிரி எழுதுகிறாயே தவிர, சந்தேகப்படவில்லை என்று எனக்குத் தோன்றுகிறது. முடி க்ளிப்பைக் கேட்டாய், திரைச்சீலையைக் கேட்டாய், பிறகு அந்தப் பேச்சையே விட்டுவிட்டாய். அப்படி எதையும் விடுகிறவள் இல்லையே நீ. அக்கா, நீ லென்ஸ் வாங்கத்தான் டெஸ்ட் கேட்கிறாயா?

எதுவாக இருந்தாலும் என்னைத் திட்டு. வேறு யாரையும் திட்டாதே.

தம்பி

*

ஜூன் 11

மகளுக்கு அம்மா எழுதுவது. மாமா விலாசத்துக்குப் போடுகிறேன். நீ அங்கேதான் இருக்கிறாய் என்று தெரியும்.

மாமா உளறவில்லை. அப்பாவும் சொல்லவில்லை, அவரை இன்னும் நான் கேட்கக்கூட இல்லை. ஏப்ரல் மாதம் வந்த ரா ஃபைலில் வலது ஓரத்தில் உன் கையைப் பார்த்தேன். எப்படித் தெரிந்தது என்று உனக்கு விளக்க வேண்டாம், இந்த வேலையை நீயும்தானே செய்தாய். அதற்கப்புறம் நான் கேட்ட டெஸ்ட் எதுவும் டெஸ்ட் இல்லை. உன்னைப் பார்க்கத்தான் கேட்டேன். இரண்டாவது தடவை கன்னம் தெரிந்தது. மூன்றாவது தடவை முகமே தெரிந்தது. முடியை வெட்டிக்கொண்டிருக்கிறாய். மஞ்சள் சட்டை. அப்பா வாசலுக்குப் போகிற நேரமெல்லாம் நான் அந்தப் படங்களைத் திறந்து வைத்துக்கொள்வேன்.

நேற்று மாமாவின் கேள்வியைப் படித்தேன். பதில் எழுத உட்கார்ந்தபோதுதான் எனக்கே உறைத்தது. நீ வேலை செய்த ஆல்பம் கடைக்கு எதிரில் மூன்று நாள் சாயங்காலம் நின்று, யாரோடு வெளியே வருகிறாய் என்று பார்த்தேன். நாலாவது நாள் உள்ளே வந்து எல்லார் முன்னாலும் உன் முதலாளியிடம், "இவள யார் கூட அனுப்பறீங்க?" என்று கேட்டேன். நீ அன்றைக்குப் பையைத் தூக்கினாய். உனக்குத் தெரியாமல் ஒளிந்து பார்த்தேன் என்பதுதான் உன் கோபம். இப்போது இந்த இரண்டு மாதமாக நான் செய்ததும் அதுவேதான். எதிர்ச் சாரியில் நிற்பதற்குப் பதில் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன்.

எனக்கு உன் மேல் சந்தேகம் இருந்ததே இல்லை. உலகத்தின் மேல்தான் சந்தேகம். அது உனக்கு எப்படித் தெரியும்? உன் வாசலில் வந்து நின்றவள் நான்தானே. என்னை மன்னித்துவிடு என்று எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனாலும் எழுதிவிட்டேன்.

இனி டெஸ்ட் கேட்கமாட்டேன். அந்தப் படங்களை அழித்துவிடு என்று நீ சொன்னால் அழித்துவிடுகிறேன். எனக்கு உன்னைப் பார்க்க வேண்டும் கண்ணே. ஓரத்தில் இல்லை, நேராக.

அம்மா

*

ஜூலை 3

அம்மாவுக்கு,

நலம். நீயும் அப்பாவும் நலமா? அப்பாவிடம் முழங்காலுக்கு மாத்திரை எழுதி வாங்கச் சொல், என்னிடம் மட்டும் போனில் அழுகிறார்.

உன் கடிதம் வந்து இரண்டு வாரத்துக்கு மேல் ஆகிறது. மூன்று விதமாகப் பதில் எழுதிக் கிழித்துவிட்டேன். மாமா ஒன்றும் கேட்கவில்லை, பேனாவில் மை இருக்கிறதா என்று மட்டும் தினம் கேட்டார்.

நீ சொன்னால் நம்பமாட்டாய், எனக்கு ஏப்ரலிலேயே தெரியும். "கையால் பிடித்தால்தான் சரியாக இருக்கிறது" என்று எழுதியிருந்தாய். கை பட்டால் டெஸ்ட் கெட்டது என்று என்னைத் திட்டித் திட்டிக் கற்றுக்கொடுத்தவள் அப்படி எழுதுவாளா? முதலில் மாமாதான் உளறிவிட்டார் என்று நினைத்தேன். பிறகு அப்பா என்று நினைத்தேன். உன் பெண்தானே நான், ஒருவரையும் விடவில்லை. ராத்திரி ஃபைலைத் திறந்து பார்த்தேன், நான் நிற்கிறேன்.

கோபம் வந்தது. ஆளைத் தேடி இங்கேயும் வந்துவிட்டாளே என்று. உடனே நீ வந்து நிற்பாய் என்று பையை எடுத்து வைத்துவிட்டேன். ஒரு நாள் ஆயிற்று, ஒரு வாரம் ஆயிற்று. நீ வரவில்லை. காகிதம் பிடிக்கிறவருக்கு மோர் கொடு என்று எழுதியவள் வரவில்லை. அது எனக்குப் புதிதாக இருந்தது.

அதனால்தான் மறுபடி போய் நின்றேன். இரண்டாவது தடவை, மாமா திரையில் பார்த்து, "நீ தெரியலடா, அங்கயே நில்லு" என்றார். எவ்வளவு தள்ளி நின்றால் உனக்குத் தெரிவேன் என்று எனக்குத் தெரியும். மூன்றாவது தடவை குளித்துவிட்டு, மஞ்சள் சட்டையை இஸ்திரி போட்டு மாட்டிக்கொண்டு நின்றேன். நீ ஒளிந்து பார்க்கவில்லை அம்மா. நான் காட்டினேன், நீ பார்த்தாய். படங்களை அழிக்க வேண்டாம்.

ஆனால் கடைக்குள் நீ கேட்டதை நான் மறக்கவில்லை. மறந்துவிட்டேன் என்று எழுதினால் அது பொய். இங்கே அச்சகத்தில் வேலை செய்கிறேன், எல்லாரும் மரியாதையாக இருக்கிறார்கள். சொல்லாமல் கொள்ளாமல் இந்த வாசலில் நீ வந்து நின்றால் நான் மறுபடி போய்விடுவேன், எங்கே என்று அப்பாவுக்குக்கூடத் தெரியாது. வருவதாக இருந்தால் கேட்டுவிட்டு வா. நான் வேண்டாம் என்றால், அன்றைக்கு வேண்டாம்தான். ஏன் என்று துருவக் கூடாது.

லென்ஸ் நல்ல லென்ஸ். வலது ஓரத்தில் எந்தக் கோளாறும் இல்லை. போட்டோகிராபர் பாவம், வாங்கிவிடு. அந்த இலவச சாஃப்ட்வேரையே வைத்துக்கொள். ஷார்ப்னெஸ்ஸை ரொம்ப ஏற்றாதே, நீ எப்போதும் ஏற்றிவிடுவாய்.

மகள்

*

ஜூலை 8

மகளுக்கு அம்மா எழுதுவது. இங்கே அனைவரும் நலம். அப்பாவுக்கு மாத்திரை வாங்கியாயிற்று. வாசலுக்குப் போய்ப் பேச வேண்டாம், உள்ளேயே உட்கார்ந்து பேசுங்கள், நான் வெளியே போய் உட்கார்ந்துகொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

லென்ஸை எடுத்துக்கொள்கிறேன் என்று போட்டோகிராபருக்குச் சொல்லிவிடச் சொல். மாமாவைத் திட்டவில்லை என்றும் சொல். நேரில் பார்க்கும்போது கொஞ்சம் திட்டுவேன்.

உன் கடிதத்தை எத்தனை தடவை படித்தேன் என்று சொல்லமாட்டேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை காலை வண்டி இருக்கிறது. டிக்கெட் இன்னும் எடுக்கவில்லை. நீ பதில் எழுதாமல் எடுக்கமாட்டேன்.

வரட்டுமா?

அம்மா